பாதி என்னுடைய துப்பாக்கி

ஜூன் 10, திங்கள்

இந்த டைரியைக் கோயம்புத்தூரிலிருந்து மகள் பவானி அனுப்பியிருக்கிறாள். தினமும் நடந்ததை எழுத வேண்டுமாம். எழுதினால் ஞாபகம் நிற்குமாம். போன மாதம் கிணற்று மோட்டாரை அணைக்காமல் வத்தலக்குண்டு சந்தைக்குப் போய்விட்டேன். மோட்டார் புகைந்துவிட்டது. அதற்குத்தான் இந்தத் தண்டனை. எட்டாம் வகுப்பில் வாத்தியார் எழுதச் சொன்னபோதே ஓடிவந்து ஜீப்பில் கிளீனராக ஏறியவன் நான். எழுபத்தாறு வயதில் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

இன்று தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்குக் கிளை கழித்தோம். மத்தியானம் புளிக்குழம்பு. உப்பு இல்லை என்றேன். "நேத்துதான் உப்பக் கொறைக்கச் சொன்னீங்க" என்றாள் சம்சாரம் இராமுத்தாய். சொன்னேனா என்று கேட்டேன். அவள் உடனே போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். இனிமேல் குழம்பைப் பற்றி வாயைத் திறக்கப் போவதில்லை.

ஜூன் 12, புதன்

தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருக்கிறவன் எல்லாம் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் ஓட்டுப் பெட்டியைச் சுட்டுவிடுவோம் என்று பயம். மார்ச்சில் கொடுத்த என் இரண்டு ரிவால்வரும் இன்றுதான் திரும்பி வந்தன. வழக்கமாகத் துருவோடு வரும். இந்தத் தடவை எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தன. புதிதாக வந்திருக்கும் எஸ்.ஐ. மலர்க்கொடி அம்மா, ஆயுதப்படையிலிருந்து ஆளை வரவழைத்து எல்லாவற்றையும் பிரித்துத் துடைக்கச் சொன்னாராம்.

ஏட்டு காசிமாயன், "ஓட்டாச்சும் ஒழுங்காப் போட்டீங்களா பெருசு?" என்று கேட்டார்.

"ஒங்களுக்குத்தான் போட்டேன். நீங்க நிக்கலன்னு அப்பறந்தான் தெரிஞ்சது" என்றேன்.

கம்பெனியில் செய்தபடியே இருக்கிற துப்பாக்கியில் எனக்கு ருசி கிடையாது. எவனோ ஒருவன் அறுத்து, கடைந்து, தன் தேவைக்கு மாற்றியதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டதாகத் தேடித் தேடிச் சேர்த்தேன். சட்டம் ஒரு ஆளுக்கு மூன்று என்றது. பிறகு இரண்டு போதும் என்றது. புதிதாக ஒன்றின் மேல் ஆசை வந்தால் பழையதில் ஒன்றை அனுப்பியாக வேண்டும். ஆள்காட்டி விரல் இல்லாத ஒரு தோட்டத் துரைக்காக, நடுவிரலுக்கு எட்டும்படி விசையை வளைத்த ரிவால்வர் ஒன்று இருந்தது. இடதுகைக்காரனுக்காகத் தாழ்ப்பாளை மறுபக்கம் வைத்தது ஒன்று. எல்லாம் வந்தன, போயின.

தங்கியது இரண்டு. ஒன்று, மருந்தையும் ஈயக் குண்டையும் கெட்டித்துச் சுட்ட காலத்து ரிவால்வர். பின்னால் ஒரு கைகாரன் அதைத் தோட்டா போடும்படி மாற்றியிருக்கிறான். இன்னொன்று வெப்லி. பட்டாளத்துப் பெரிய தோட்டாவுக்குச் செய்தது. அந்த அளவை நாமெல்லாம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், மதுரை சுலைமான் பாய் குழலையும் தோட்டா உருளையையும் புதிதாகக் கடைந்து, சின்னத் தோட்டாவுக்கு மாற்றிக் கொடுத்தார். இரண்டையும் சேர்த்து இராமுத்தாய் "ஒங்க வப்பாட்டிங்க" என்பாள்.

ஜூன் 13, வியாழன்

வெப்லி என்னுடையது இல்லை.

கையில் எடுத்து, தோட்டா இல்லாமல் ஒரு தடவை விசையை இழுத்தேன். என் துப்பாக்கியின் விசை வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். பாய்க்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஸ்பிரிங்கைத் தேய்க்கச் சொல்லி வாங்கியது அது. இது சொரசொரவென்று பாதியில் நின்று யோசித்துவிட்டு வருகிறது. மடித்துத் திறந்தால் கீலில் ஆட்டம்.

இராமுத்தாயைக் கூப்பிட்டு இழுத்துப் பார் என்றேன். "எனக்கென்ன தெரியும். ஒங்களோடதுதான், நல்லாப் பாருங்க" என்றாள். மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசினால் எனக்குப் பயம்.

ஜூன் 15, சனி

ஸ்டேஷனுக்குப் போனேன். காசிமாயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழலில் வெட்டியிருந்த நம்பரைப் படித்தார். லைசென்ஸைப் பார்த்தார். மறுபடியும் குழலைப் பார்த்தார். நம்பர் சரியாக இருக்கிறது, அதனால் துப்பாக்கி என்னுடையதுதான் என்றார். நம்பர் சரி, துப்பாக்கிதான் தப்பு என்றேன். அப்படி ஒரு புகாரை எந்தப் பிரிவில் எழுதுவது என்று கேட்டார். என் சம்சாரத்தைக் கொண்டுபோய்விட்டு அதே சேலையில் வேறொருத்தியை அனுப்பினால் எனக்குத் தெரியாதா என்றேன். அங்கே இருந்த பெண் போலீஸ் திரும்பிக்கொண்டு சிரித்தது.

காசிமாயன் சிரிக்கவில்லை. "வீட்லருந்து யாராச்சும் தொணைக்கு வந்துருக்காங்களா ஐயா?" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த ஆள் என்னை ஐயா என்று சொன்னதே இல்லை.

ஜூன் 17, திங்கள்

பவானி போனில் அழுதாள். அடுத்த மாதம் ஞாபகம் பார்க்கிற டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாளாம். துப்பாக்கி இரண்டையும் ஸ்டேஷனிலேயே கொடுத்துவிட்டு, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இருவரும் கோயம்புத்தூர் வந்துவிட வேண்டுமாம். "பெரியப்பாவும் இப்படித்தானப்பா ஆரம்பிச்சாங்க" என்றாள்.

என் அண்ணன் ராசுவைச் சொல்கிறாள். கடைசி நாட்களில் அண்ணியைப் பார்த்து, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார். நான் அதற்குக்கூட ஏதோ கேலி பேசி மற்றவர்களைச் சிரிக்க வைத்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

துப்பாக்கி மாறியிருக்கிறது என்று நிரூபித்தால் என் மண்டை சரி. நிரூபிக்காவிட்டால் கோயம்புத்தூர். அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 18, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். காலை வெயிலில் வைத்துப் பார்த்தபோது கீல் ஆணியின் தலையில் புதிதாகத் திருப்புளிக் கீறல். வெப்லி நடுவில் மடங்குகிற துப்பாக்கி. அந்த ஆணியைக் கழற்றினால் முன்பாதி தனி, பின்பாதி தனி. நம்பர் இருப்பது முன்பாதியில், பாய் புதிதாகப் போட்ட குழலில். விசையும் கைப்பிடியும் இருக்கிற பின்பாதியில், பாய் பாலீஷ் போட்டபோதே பழைய நம்பர் தேய்ந்து போய்விட்டது.

துடைக்க வந்தவன் ஒரே மேஜையில் இரண்டு வெப்லியைப் பிரித்துப் போட்டிருக்கிறான். மாட்டும்போது முன்பாதியையும் பின்பாதியையும் மாற்றி மாட்டிவிட்டான். என்னிடம் இருப்பதில் பாதி என்னுடையது. மீதி எவனுடையது என்று யோசிக்கவே தேவையில்லை. இந்த மலையில் சுலைமான் பாய் கைவைத்த வெப்லி இன்னொன்றுதான் உண்டு.

கடவுளே, அவனா.

ஜூன் 20, வியாழன்

எஸ்.ஐ. அம்மாவை நேரில் பார்த்துக் கீறலைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். காசிமாயனைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் ஒரே மேஜையில்தான் பிரித்தார்கள், ஒரே சாக்கில்தான் கட்டி வைத்தோம் என்று அவர் ஒப்புக்கொண்டார். எஸ்.ஐ. அம்மா சொன்னது நியாயம்தான். அந்த இன்னொருவரையும் அழைத்து வாருங்கள், இரண்டு பேரும் அவரவர் துப்பாக்கியை அடையாளம் சொல்லுங்கள், ஆயுதப்படை ஆளை வரவழைத்து என் முன்னாலேயே சரியாக மாட்டித் தரச் சொல்கிறேன் என்றார்.

அழைத்து வர வேண்டுமாம். நான்.

ஜூன் 21, வெள்ளி

போகமாட்டேன்.

ஜூன் 22, சனி

அந்த இன்னொரு வெப்லிக்காரன் ஆசீர்வாதம். அப்போது எஸ்டேட்டில் ரைட்டர். கூலிக் கணக்கு முழுக்க அவன் கையில். நான் ஜீப் ஓட்டுகிறவன். சனிக்கிழமை தோறும் கூலிப் பணம் இருக்கும் பட்டுவாடாப் பெட்டியோடு இரண்டு பேரும் மலையேறுவோம். வழியில் ஆள் மறிக்கிற காலம் அது. அதற்காகத்தான் லைசென்ஸ் கிடைத்தது. ஊரைவிட்டுப் போன மேனேஜரிடம் ஆளுக்கொரு வெப்லி வாங்கி, ஒரே பஸ்ஸில் மதுரைக்குப் போய், ஒரே நாளில் மாற்றக் கொடுத்தோம். அப்போது பிடித்த பைத்தியம் இரண்டு பேருக்கும் விடவில்லை. அவன் ஒன்று வாங்கினால் நான் இரண்டு வாங்குவேன்.

அவன் மகன் கல்யாணத்தில் மைக்கைக் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் ரைட்டர் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை, சுட்டிருந்தால் அது என் முதுகில்தான் பட்டிருக்கும் என்று சொன்னேன். மண்டபமே சிரித்தது. அவன் மட்டும் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டான். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. ஒரு சிரிப்புக்கு ஒன்பது வருஷம். ராசு அண்ணன் செத்தபோதுகூட வந்து தூரத்தில் நின்றுவிட்டுப் போனான்.

ஜூன் 23, ஞாயிறு

போனேன். மாதா கோயிலில் பூசை முடிந்து அவன் வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருந்து போனேன். கதவைச் சாத்துவான் என்று நினைத்தேன்.

"வா வேலாண்டி. ஜீப்ப எங்க விட்ட?" என்றான்.

ஜீப்பை விற்று எத்தனையோ வருஷம் ஆகிறது. நக்கல். சேர்த்து வைத்த நக்கலை எல்லாம் ஒரே நாளில் இறக்கப் பார்க்கிறான் என்று விட்டுவிட்டேன். மருமகள் ஜெனிட்டா காப்பி கொண்டுவந்தாள். அவன் என்னைப் பார்த்து, "ராசு அண்ணே சொகமா?" என்று கேட்டான்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கேலிக்கும் ஒரு எல்லை உண்டு. நானே தொடாத எல்லை அது. "மேல நல்லாத்தான் இருக்காரு. ஒன்னிய விசாரிச்சாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஜெனிட்டா கேட் வரைக்கும் ஓடிவந்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிற்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

மறுபடியும் போனேன். வேறு வழி? நடந்ததை எல்லாம் புரியும்படி சொன்னேன். மேஜை, சாக்கு, கீல் ஆணி. நன்றாகத் தலையாட்டிக் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு, "பாய் எப்ப தர்றேன்னு சொன்னாரு?" என்றான்.

பாய் மண்ணுக்குள் போய்ப் பல வருஷமாகிறது. என்ன நடிப்பு. முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. வாழ்நாள் முழுக்க நான் கேலி செய்ய அவன் முறைத்தான். இப்போது அவன் செய்ய நான் முறைக்கிறேன். எரிச்சலாக வருகிறது.

ஜூன் 27, வியாழன்

உன் துப்பாக்கியைக் காட்டு என்றேன். உள்ளே போய்த் தலையணை உறையோடு கொண்டுவந்தான். உறையிலிருந்து உருவி என்னிடம் நீட்டினான். குழல் முனை என் வயிற்றைப் பார்த்து. விரல் விசையின் மேல்.

குழலைத் தரையைப் பார்த்துப் பிடிக்காததற்காக, ஓடுகிற ஜீப்பை நிறுத்தச் சொல்லி என்னை ரோட்டில் இறக்கிவிட்டவன் இவன்.

"ரைட்டரே, இப்பிடிக் குடு" என்று பக்கவாட்டில் கையை நீட்டி வாங்கினேன். மடித்துப் பார்த்தேன். உருளை முழுக்கத் தோட்டா. அவற்றைக் கொட்டிவிட்டு இழுத்துப் பார்த்தேன். விசை வெண்ணெய் மாதிரி இருந்தது. என்னுடையதேதான். இத்தனை நாள் தேடியது கைக்கு வந்தும் ஒரு சந்தோஷமும் இல்லை. தோட்டாக்கள் பிசுபிசுவென்று இருக்கின்றன, துடைத்துத் தருகிறேன் என்று சொல்லி அவற்றை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மேஜை டிராயரில் இருந்ததையும் ஜெனிட்டா எடுத்துவந்து கொடுத்தாள்.

ஜூன் 28, வெள்ளி

ஜெனிட்டா ரேஷன் கடைக்குப் போகிற சாக்கில் தோட்டத்துக்கு வந்தாள். இராமுத்தாய் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பெரிய மாமா, ராத்திரியெல்லாம் எங்க மாமா அத வச்சுக்கிட்டு ஹால்ல ஒக்காந்துருக்காங்க. பட்டுவாடாப் பெட்டிக்குக் காவலாம். போன வாரம் இவரு திருப்பூர்லருந்து வந்து கதவத் தட்டுனாரு. பெத்த மகன்னு தெரியல. யாருடா நீன்னு நீட்டிட்டாங்க."

போலீஸில் சொல்லலாம்தானே என்றேன். சொன்னால் ஆள் வந்து பிடுங்குவார்கள், ஊரே வேடிக்கை பார்க்கும், மாமா அதற்கப்புறம் சாப்பிடவே மாட்டார் என்றாள். கேட்டால் தரமாட்டாராம். பறித்தால் அடிப்பாராம். மறதிக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்ததை ஊரில் யாருக்கும் சொல்லவில்லையாம்.

அவள் போன பிறகு இராமுத்தாய் என்னைப் பார்த்தாள். மிளகுக் கொடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். கொடி எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

மழை. யோசித்தேன். அவனையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய், இரண்டு பேரையும் அடையாளம் சொல்லச் சொன்னால் என் மண்டை சரி என்று ஐந்து நிமிஷத்தில் நிரூபணம் ஆகிவிடும். அதே ஐந்து நிமிஷத்தில் அவன் மண்டை என்ன ஆயிற்று என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எழவு, எல்லாமே ஒரே மேஜைக்குத்தான் வருகிறது.

ஜூலை 2, செவ்வாய்

சாயங்காலம் அவனிடம் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"ரைட்டரே, எனக்கு மண்ட போச்சு."

"என்னய்யா போச்சு?"

"ஞாபகம். மோட்டார அணைக்க மறந்துர்றேன். உப்பு போட்டதும் தெரியல, போடாததும் தெரியல. மக டாக்டர்ட்ட நேரம் வாங்கி வச்சுருக்கா. துப்பாக்கியத் திருப்பிக் குடுத்துரச் சொல்றாங்க. தனியாப் போனா எதையாச்சும் ஒளறிருவேனோன்னு பயமா இருக்கு."

இதில் எது பொய் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். ஒன்பது வருஷம் கழித்து முதல் தடவையாக என் தோளில் கையை வைத்தான். "எப்ப இருந்து?" என்று கேட்டான். அழுகிற ஆளிடம் கேட்கிற மாதிரி கேட்டான்.

அப்புறம் என் வெப்லியை எடுத்து வைத்து, இதில் பாதி உன்னுடையது, உன்னிடம் இருப்பதில் பாதி என்னுடையது, நான் இதைக் கொடுத்தால் உன் பாதியும் போய்விடுமே என்றேன். இரண்டையும் மேஜையில் அடுத்தடுத்து வைத்துக் குனிந்து பார்த்தான். பழைய ரைட்டர் முகம் வந்தது. கூலிக் கணக்கில் ஒரு ஆள் கூடுதலாக நின்றால் வருமே, அந்த முகம்.

"அதெப்பிடி. ஒன்னு போயி ஒன்னு நின்னா கணக்கு இடிக்கும். குடுத்தா ரெண்டும் சேந்து போகணும்" என்றான். ஜெனிட்டா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் கூட வர்றேன். நீ வாயத் தெறக்காத. நான் பேசிக்கிறேன்."

ஜூலை 4, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

அவன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தான். ஸ்டேஷன் படியில் என் முழங்கையைப் பிடித்து ஏற்றினான். எஸ்.ஐ. அம்மா எழுந்து, இரண்டு பேரும் அடையாளம் சொல்கிறீர்களா, ஆளை வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"வேணாம்மா. அன்னிக்கி நான் சொன்னதெல்லாம் தப்பு. வயசாச்சு, குழம்பிட்டேன். திருப்பிக் குடுத்துரலாம்னு வந்தோம்."

காசிமாயன் தரையைப் பார்த்தார். கீல் ஆணியின் கீறல் அவருக்கும் தெரியும். எஸ்.ஐ. அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஆசீர்வாதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தான்.

"மேடம், இவரு வேலாண்டி. ஜீப் டிரைவர். நல்ல மனுசன், வாய்தான் கொஞ்சம். இப்ப மறதி வந்துருச்சு. இவரு தனியாக் குடுத்தா மனசு ஒடஞ்சுருவாரு. அதான் நானும் சேத்துக் குடுக்குறேன்."

எஸ்.ஐ. அம்மா மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நல்ல பொம்பளை. ஆயுதக் கிடங்குக்கு அனுப்புவதற்கு முன்னால் முன்பாதியையும் பின்பாதியையும் சரியாக மாட்டச் சொல்லட்டுமா என்று மட்டும் என்னிடம் மெதுவாகக் கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

பேப்பரில் அவன் இங்கிலீஷில் அழகாகக் கையெழுத்துப் போட்டான். நான் என்னுடைய கோணல் எழுத்தைப் போட்டேன். எழுந்து கும்பிட்டேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

அவன் திரும்பி நின்றான். "மேடம், ஒரு நிமிசம். இவருகிட்ட இன்னொன்னு இருக்கு. பழைய மருந்துத் துப்பாக்கி, தோட்டாவுக்கு மாத்துனது. அதையும் வாங்கிருங்க. இந்த நெலமைல இவரு கையில இருந்தா ஆபத்து."

ராசு அண்ணன் செத்தது ஞாபகம் இல்லை. பாய் செத்தது ஞாபகம் இல்லை. இது ஞாபகம் இருக்கிறது.

எஸ்.ஐ. அம்மா என் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்ல முடியும்? மண்டை போனவனுக்கு ஒரு துப்பாக்கி கூடாது, இன்னொன்று மட்டும் கூடுமா? காசிமாயனோடு வீட்டுக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தேன். அதுவரைக்கும் அவன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து காசிமாயனின் டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் இராமுத்தாய் பவானியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "டாக்டரு வேணாம்டி. ஒங்கப்பாவுக்கு ஒன்னுமில்ல. எனக்குத் தெரியும், வச்சுரு" என்றாள்.

ஜூலை 5, வெள்ளி

இரும்புப் பெட்டி காலி. பழக்க தோஷத்தில் பூட்டினேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஊருக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் என்னிடம் எல்லோரும் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறார்கள். எனக்குப் போனது ஞாபகம்தான், காது இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். மாஸ்டர் கேட்காமலே சர்க்கரை போட்டுவிட்டு, நீங்கள் சர்க்கரை போட்டுத்தான் குடிப்பீர்கள் என்கிறார். இவர்களைக் கேலி செய்தால்கூட, பாவம் என்று தலையை ஆட்டுகிறார்கள். இதைவிடக் கொடுமை வேறு இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

தினமும் காலையில் வந்துவிடுகிறான். ஜெனிட்டா கேட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். இப்போது இரவில் தூங்குகிறானாம். என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறானாம். நாற்காலியை எதிரில் போட்டுக்கொண்டு, என்ன சாப்பிட்டேன், மாத்திரை போட்டேனா, என் பெயர் என்ன என்று விசாரிக்கிறான். சரியாகச் சொன்னால் தலையாட்டுகிறான். தப்பாகச் சொன்னால் திருத்துகிறான். திருத்தும்போதுதான் முகம் நன்றாக இருக்கிறது. அதனால் நிறையத் தப்பு சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று வந்ததும், "இன்னிக்கி என்ன கெழமன்னு சொல்லு பாப்போம்" என்றான்.

கீழே மாதா கோயிலில் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. ஞாயிறு என்றேன்.

வருத்தமாகப் பார்த்தான். "இல்லய்யா. நல்லா யோசி. பட்டுவாடாவுக்குக் கெளம்பணும்ல?"

யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தேன். சனி என்றேன்.

"பரவால்ல. தேறிட்ட வேலாண்டி" என்று என் முதுகில் தட்டினான்.